பருவம் அறிந்த தோட்டமும் ஒன்றுபட்ட தெருவும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியைக் கேளாத தமிழ்ப் பிள்ளை இல்லை எனலாம். தொடக்கப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுகிறோம். ஆனால் ஏன் தேடி விதைக்க வேண்டும், வேறு மாதத்தில் விதைத்தால் என்ன குறை வந்துவிடும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நாங்களும் எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர். எங்கள் தெருவில் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் எங்களை எண்ண வைத்தது. அந்நிகழ்ச்சியையும், அதன் பின் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் நம் பள்ளி ஆண்டு மலரின் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் நால்வர் மதுரையில் ஒரே தெருவிலிருந்து நம் பள்ளிக்கு வருகிறோம். எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள் உள்ளன. பெரிய மாளிகைகள் எவையும் இல்லை. சில வீடுகளுக்குக் கொல்லைப்புறம் உண்டு. பல வீடுகளுக்கு மொட்டை மாடி மட்டுமே உண்டு. சில வீடுகளில் வாசற்படியின் இரு புறமும் இரண்டு தொட்டிகள் வைக்கும் அளவுக்கே இடம் உண்டு. ஆயினும் செடி இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஒன்றுமில்லை என்றாலும் ஒரு துளசியோ, கற்றாழையோ, கறிவேப்பிலைக் கன்றோ இருக்கும்.

நலச் சங்கம் என்பது யாது?

எங்கள் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கிறது. சங்கம் என்றவுடன் சிலர் அதனைத் தேர்தல், கட்சி என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மை அதுவன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி குறைந்தது ஏழு பேர் ஒரு பொது நோக்கத்திற்காக ஒன்றுகூடி, தங்கள் நோக்கத்தையும் விதிகளையும் எழுதிக் கொடுத்துச் சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வரவு செலவுக் கணக்கை எழுதி வைக்க வேண்டும். ஒருவர் விருப்பப்படி நடவாமல், எல்லாரும் கூடி முடிவெடுத்து அதனை எல்லாரும் மதித்து நடப்பதற்கே இத்தனை ஏற்பாடும்.

எங்கள் சங்கத்தின் தலைவர் தபால் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் 'தபால் தாத்தா'. செயலாளர் தையற்கடை வைத்திருக்கும் அத்தை. மாதச் சந்தா ஐம்பது ரூபாய். அதிலிருந்துதான் தெருமுனையில் உள்ள ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மின்கட்டணம் கட்டப்படுகிறது. மோட்டார் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஓடும். பெரிய கருப்புத் தொட்டி நிறையும். அதிலிருந்து குழாய் வழியாக வீடு வீடாகத் தண்ணீர் போகும். மாநகராட்சிக் குடிநீர் வராத நாட்களில் இந்தத் தொட்டியை நம்பியே நாற்பத்திரண்டு அடுப்புகளும் எரிகின்றன என்றால் மிகையாகாது.

சங்கம் மாதம் ஒருமுறை 'தெருச் செய்தி' என்று ஒரு தாளை வெளியிடுகிறது. பால் கடைச் சுவரில் உள்ள பலகையில் அது ஒட்டப்படும். எந்த விளக்கு எரியவில்லை, சாக்கடை என்று தூர் வாரப்படும், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் காலமானார், யார் தேர்வில் முதலாவதாக வந்தார் என்பவையெல்லாம் அதில் இருக்கும். கணினியில் அச்சிட்டு ஒட்டலாம், கைப்பேசியிலும் அனுப்பலாம். ஆனால் "கையால் எழுதிச் சுவரில் ஒட்டினால்தான் நின்று படிக்கிறார்கள்" என்பது தபால் தாத்தாவின் கருத்து. நம் பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவ்வேலையை எங்கள் நால்வரிடம் ஒப்படைத்திருந்தார். அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு.

எங்கள் கையெழுத்தும் எங்கள் குற்றமும்

2024 பங்குனியில் நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். ஜூனில் பள்ளி திறந்ததும் நடைபெறும் கண்காட்சியில் எங்கள் கையால் விளைந்த தக்காளியை வைக்க வேண்டும் என்பதே அது. எங்களுள் ஒருத்தியின் வீட்டு மொட்டை மாடியில் இருபத்தாறு பைகளில் மண் நிரப்பினோம். பதினாறு பைகளில் தக்காளி நாற்றும், பத்துப் பைகளில் வெண்டையும் கொத்தவரையும் வைத்தோம். பருவத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் செடி வளரும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த தோட்டக்கலை.

சித்திரை பிறந்தது. வெயில் கொளுத்தியது. கிணற்றில் நீர்மட்டம் இறங்கியது. ஒரு மணி நேரம் ஓடிய மோட்டார் அரை மணியிலேயே காற்றை இழுக்கத் தொடங்கியது. சங்கம் அவசரமாகக் கூடியது. "மழை வரும் வரை தொட்டித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாகாது" என்று முடிவு செய்தது. அந்த அறிவிப்பைத் 'தெருச் செய்தி'த் தாளில் கொட்டை எழுத்தில் எழுதியவர்கள் நாங்களே. சிவப்பு மையால் அடிக்கோடு இட்டவர்களும் நாங்களே.

இரண்டு நாட்கள் பொறுத்தோம். தக்காளிச் செடிகள் பகலில் தலை தொங்கி நின்றன. மூன்றாம் நாள் இரவு, எல்லாரும் உறங்கிய பின், தொட்டிக் குழாயைத் திறந்து எட்டு வாளித் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோய் ஊற்றினோம். எட்டு வாளிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தோம்.

மறுநாள் காலை தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அவ்வீட்டில் குழந்தை பிறந்து இருபது நாளே ஆகியிருந்தது. பிள்ளைத் துணி துவைக்கவும், வெந்நீர் போடவும் தண்ணீர் இல்லாமல் அந்த அண்ணன் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். நாங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்த்தோம். அன்று படித்த பாடம் ஒன்றும் மனத்தில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் செயலாளர் அத்தை, "தொட்டியில் தண்ணீர் குறைந்தது எப்படி?" என்று கேட்டார். ஒருவர் மேல் ஒருவர் ஐயப்பட்டார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பால்காரர் மேல் பழி விழப் பார்த்தது. அப்போது நாங்கள் எழுந்து, "நாங்கள்தான் எடுத்தோம்" என்றோம். கூட்டம் அமைதியாயிற்று. தபால் தாத்தா எங்களைத் திட்டவில்லை. "தெரியாதவன் செய்திருந்தால் சொல்லித் தரலாம். எழுதினவர்களே செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன், கண்ணுகளா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எங்களுக்கு அத்தனை வலித்திருக்காது.

கூட்டம் முடிந்ததும் கடைசி வீட்டுக்குப் போய் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் தேர்வு முடிந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்களிடம் எல்லாவற்றையும் கூறினோம். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தக்காளி காய்த்ததா?" என்று கேட்டார்கள். "பூத்தது, சிஸ்டர். ஆனால் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது" என்றோம். "உதிரத்தான் செய்யும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டுவிடும், பிஞ்சு பிடிக்காது. மதுரைச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. நீங்கள் எட்டு வாளி அல்ல, எண்பது வாளி ஊற்றினாலும் காய்த்திராது" என்றார்கள்.

அப்போதுதான் எங்களுக்குக் கண் திறந்தது. பருவம் தவறி நட்ட செடி தன் பங்குத் தண்ணீரோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுத் தண்ணீரையும் குடிக்கிறது. குடித்தும் பயன் தருவதில்லை. ஆகவே பருவம் அறிந்து பயிரிடுவது நம் வீட்டுக் காரியம் மட்டுமன்று. தெருவுக்கு நாம் செய்யும் கடமையும் ஆகும்.

பட்டம் என்பதன் பொருள்

விதைப்பதற்குரிய காலத்தைப் 'பட்டம்' என்பர். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது வலுத்துப் பெய்யும். தென்மேற்குப் பருவமழையின்போது மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்வதால் மதுரைப் பக்கம் காற்றும் மேகமும் சிறு தூறலுமே மிகுதியாகக் கிடைக்கும்.

இதனை மனத்திற்கொண்டால் ஆடிப்பட்டத்தின் காரணம் எளிதில் விளங்கும். ஆடியில் கோடை வெப்பம் தணியத் தொடங்குகிறது. மண்ணில் சிறிது ஈரம் ஏறுகிறது. அப்போது விதைத்த செடி ஆவணி, புரட்டாசியில் வேரூன்றி வளர்ந்துவிடும். ஐப்பசியில் பெருமழை வரும்போது அதனைத் தாங்கும் வலிமை அதற்கு வந்திருக்கும். ஐப்பசி வரை காத்திருந்து விதைத்தாலோ, விதை ஈரத்தில் அழுகும். முளைத்த கன்றின் தண்டும் அழுகிச் சாயும். நம் முன்னோர் பஞ்சாங்கத்தையும் மண்ணையும் ஒருங்கே படித்தவர்கள் அன்றோ!

எந்த மாதத்தில் எதனை விதைப்பது?

எங்கள் தெருவில் இப்போது பின்பற்றப்படும் வரிசையைக் கீழே தருகிறோம். இது மதுரைச் சமவெளிக்கு ஏற்றது. கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை ஊர்களுக்குப் பொருந்தாது.

ஆடி, ஆவணி: கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, கொத்தவரை ஆகியவற்றையும், அவரை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பூசணி ஆகிய கொடிவகைகளையும் தொடங்கலாம். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றை முதலில் நாற்றுவிட்டு, ஏறத்தாழ 25 முதல் 35 நாட்களில் பிடுங்கி நட வேண்டும். வெண்டையை நேராகவே ஊன்றலாம். ஏழு வாரத்திற்குள் முதற்காய் பறிக்கலாம். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதால் கொடிக்குப் பந்தலும் செடிக்குக் குச்சியும் முன்பே கட்டிவிட வேண்டும்.

நாட்டு அவரையைப் பற்றி ஒரு புதுமையைச் சொல்ல வேண்டும். பகற்பொழுது குறுகினால்தான் அது பூக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் மார்கழிப் பனியில்தான் கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. தையில் பொங்கலுக்குப் புது அவரைக்காய் கிடைப்பதன் இரகசியம் இதுவே.

ஐப்பசி, கார்த்திகை: பெருமழைக் காலத்தில் புதிதாக விதைப்பதைக் குறைத்து, இருக்கும் செடிகளைக் காப்பதே அறிவுடைமை. தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்க்க வேண்டும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி ஆகியவற்றை விதைக்கலாம். முள்ளங்கி 45 நாட்களில் கிழங்கு வைத்துவிடும். கார்த்திகைக் கடைசியில் மல்லிகைச் செடியைக் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், பங்குனி முதல் புதுக் கிளையில் பூ மிகும். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நம் ஊரின் பெருமை. அதனை ஒரு தொட்டியிலேனும் வளர்ப்பது நம் உரிமையல்லவா?

தை, மாசி: தைப்பட்டம் இரண்டாவது பெரிய பட்டம். வெண்டை, கத்தரி, வெள்ளரி, சுரை, தர்பூசணி இவற்றிற்கு ஏற்ற காலம். முருங்கையும் இப்போது பூத்துக் கோடையில் காய்க்கும்.

பங்குனி முதல் ஆனி வரை: கோடையில் தோட்டத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். சிறுகீரை, தண்டுக்கீரை, கொத்தவரை, வெண்டை ஆகியவை வெயிலை ஓரளவு தாங்கும். கீரையை 25 முதல் 30 நாட்களுக்குள் பிடுங்கிவிடலாம் என்பதால் அதற்குச் செலவாகும் நீரும் குறைவு. எங்கள் இருபத்தாறு பைகளில் தக்காளி பதினாறும் பட்டுப்போயின. வெண்டையும் கொத்தவரையும் பிழைத்துக்கொண்டன. பதினாறு காலிப் பைகளும் எங்களுக்குப் பதினாறு ஆசிரியர்கள் ஆயின.

வேலிக்குக் கட்டுப்படாதவை

தோட்டம் வீட்டுக்கு வீடு தனியாக இருக்கலாம். ஆனால் தோட்டத்தின் நன்மையும் தீமையும் மதிற்சுவருக்குக் கட்டுப்படுவதில்லை. இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

முதலாவது, மாவுப் பூச்சி. ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளை மாவு அப்பியதுபோல் இப்பூச்சி தோன்றியது. அவ்வீட்டார் கிளையை வெட்டி எறிந்தார்கள். பத்தே நாளில் பக்கத்து வீட்டுப் பப்பாளியிலிருந்து அது திரும்பி வந்தது. இப்பூச்சியின் குஞ்சுகளைக் காற்றே சுமந்து சென்றுவிடும். இது வசிக்கும் செடியில் எறும்பும் ஊரும். பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைப் பாதுகாக்கும். பப்பாளி மாவுப் பூச்சி மெக்சிகோ, நடு அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தது. 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்டு, விரைவிலேயே பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பெரிதும் பாழாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு மிகச் சிறிய குளவியினம் வரவழைக்கப்பட்டு, தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டது. அக்குளவி மாவுப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழித்தது. மருந்தடித்து அடங்காத பூச்சி அதனால் அடங்கியது.

இதனைச் சிஸ்டர் விளக்கிய பிறகு நாங்கள் 'தெருச் செய்தி'யில் எழுதினோம். ஒரு ஞாயிறு காலை எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் செடிகளைச் சோதித்தார்கள். பூச்சி பிடித்த கிளைகளை வெட்டி, கட்டிய பையில் போட்டு அகற்றினார்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தார்கள். ஒரு வீடு செய்தபோது போகாத பூச்சி, தெருவே செய்தபோது பெரிதும் குறைந்தது.

இரண்டாவது, தேனீ. "பூசணி பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை" என்று பல வீடுகளில் முறையீடு இருந்தது. பூசணி, சுரை, பீர்க்கு ஆகிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவின் அடியில் சிறு காய்போல் பருத்திருப்பது பெண் பூ. பொதுவாக ஆண் பூக்களே முதலில் வரும்; அவை உதிர்வது கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. பெண் பூ வந்த பின்னும் பிஞ்சு வெம்பினால், தேனீ வரவில்லை என்று பொருள். ஒரு வீட்டில் கடுமையான பூச்சிமருந்து அடித்தால் நாலு வீட்டுக் கொடிகள் காய்க்காமல் போகும். தேனீ வராத நாளில், ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடலாம். பூசணிக்கு இதனைக் காலையிலும், மாலையில் மலரும் பீர்க்குக்கும் சுரைக்கும் மாலையிலும் செய்ய வேண்டும்.

மூன்றாவது, கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்து தேங்கிய சிறிதளவு நீரிலும் முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் நீர் அதற்குப் போதும். முட்டை பொரிந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்கள் ஆகின்றன. ஆதலால் வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் கொசுவின் பிறப்பைத் தடுத்துவிடலாம். எங்கள் சங்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் 'தட்டுக் கவிழ்க்கும் நாள்'. சின்னப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று மணி அடித்து நினைவூட்டுவார்கள்.

நீரும் குப்பையும்

தண்ணீர்ப் பஞ்சம் எங்கள் தெருவுக்கு மட்டும் வந்ததன்று. 2019-இல் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுபோன செய்தியை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது 2003-ஆம் ஆண்டு. ஆனால் குழாயும் குழியும் இருந்தால் மட்டும் போதுமா? எங்கள் தெருவில் ஆனி மாதத்தில் திறந்து பார்த்தபோது பல குழிகள் மணலும் இலையும் அடைத்துக் கிடந்தன. ஆடிக்குள் அவற்றைத் தூர் வாரினோம். மாடியில் விழும் மழை சாக்கடைக்குப் போகாமல் மண்ணுக்குள் இறங்கினால்தானே அடுத்த சித்திரையில் மோட்டார் காற்றை இழுக்காது!

செடிக்கென்று புதுத் தண்ணீர் எடுக்கவும் வேண்டியதில்லை. அரிசி களைந்த நீரும், காய்கறி கழுவிய நீரும் ஒரு சிறு குடும்பத்தின் நாலைந்து தொட்டிகளுக்குப் போதும். சோப்பு கலந்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். அதிகாலையிலோ மாலையிலோ ஊற்றினால் ஆவியாவது குறையும். மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு விரற்கடை உயரத்திற்குப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். பழைய மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், பானை கசிந்து வேருக்கு மட்டும் நீர் தரும். இது நம் பாட்டிமார் அறிந்த சிக்கன முறை.

சருகை எரிப்பதால் புகைதான் மிச்சம்; முதியோருக்கும் ஆஸ்துமா உள்ளவர்க்கும் மூச்சுத் திணறும். அதே சருகை ஒரு கூடை, காய்கறித் தோல் ஒரு கூடை என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் கருப்பாக, மண்வாசனையுடன் மக்கிய உரம் கிடைக்கும். இந்த உரமும் செம்மண்ணும் மணலும் சம பங்கு கலந்தால் தொட்டிக்கு வேறு எதுவும் வேண்டாம். அடுப்படியிலிருந்து போனது மீண்டும் அடுப்படிக்கே காயாக வருகிறது!

விதைக் கடன்

ஆடிப் பெருக்கன்று சங்கத்தில் விதை வழங்கும் விழா நடந்தது. விழா என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் அல்ல. மூலை வீட்டு ஆச்சி சாம்பல் கலந்து மண்கலயத்தில் காத்து வைத்திருந்த அவரை விதையையும் வெண்டை விதையையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். வீட்டுக்குப் பத்து விதை. தையில் இருபதாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. "கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை ஒருமுறைதான் அதே குணத்தைத் தரும், அதன் விதையை எடுத்துப் போட்டால் தாயைப் போல் பிள்ளை வராது. நாட்டு விதை அப்படியில்லை" என்று ஆச்சி விளக்கினார். நல்ல செடியின் நல்ல காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, கொடியிலேயே உலரவிட்டு, பின் நிழலில் காயவைத்து எடுக்க வேண்டும் என்றும் சொல்லித் தந்தார்.

1965-இல் நாடு உணவுத் தட்டுப்பாட்டில் வாடியபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் டெல்லியில் தம் இல்லத்துப் புல்தரையையே உழுது பயிரிட்டுக் காட்டினார். சொல்வதற்கு முன் செய்தார். அதனால் நாடு கேட்டது. நாங்களோ எழுதிவிட்டுச் செய்யாமல் போனவர்கள். அவ்வெட்கத்தைத் தீர்க்க, தபால் தாத்தாவிடம் அனுமதி கேட்டு, 'தெருச் செய்தி'யில் 'இம்மாதத் தோட்டம்' என்ற பகுதியைத் தொடங்கினோம். நாங்கள் செய்து பார்த்ததை மட்டுமே அதில் எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

முடிவாக

தை பிறந்ததும் எங்கள் பந்தலில் அவரை கொத்தாய்க் காய்த்தது. முதலில் பறித்ததைக் கடைசி வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். குழந்தை அப்போது தவழத் தொடங்கியிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, "விதை இருந்தால் எனக்கும் பத்துக் கொடுங்கள்" என்றார். இப்போது அவ்வீட்டுப் பெயரும் விதைக் கடன் ஏட்டில் இருக்கிறது. எங்கள் நால்வரின் கடனில் எண்பது விதை திருப்பித் தர வேண்டியிருந்தது, நூற்றிரண்டு கொடுத்தோம். ஆனால் எட்டு வாளித் தண்ணீரின் கடனை இப்படி எண்ணித் தீர்க்க முடியாது என்பதை நாங்கள் அறிவோம்.

அன்புத் தோழியரே! உங்கள் தெருவிலும் ஒரு சங்கம் இருக்கலாம். இல்லையேல் ஏழு பேர் கூடினால் தொடங்கிவிடலாம். உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டிக்கு இடம் இருக்கும். விதைக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: இது இவ்விதைக்கு உரிய மாதமா? இதற்கு நான் ஊற்றப்போகும் தண்ணீர் யாருடையது? இவ்விரண்டிற்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தால், தயங்காமல் விதையை ஊன்றுங்கள். மழை வரும் மாதத்தை மதிப்போம். அண்டை வீட்டாரின் குடத்தையும் மதிப்போம். வீடும் செழிக்கும், தெருவும் செழிக்கும்.